சுமைதாங்கியும் நோயாளியைக் காப்பவரும்

குடம் ஒன்றில் நீரை நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். பத்து நிமிடம் கழியட்டும். இந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் செய்த வேலை எவ்வளவு?

முதலாண்டு இயற்பியல் வகுப்பில் ஆண்டுதோறும் நான் கேட்கும் கேள்வி இது. விசையையும், அந்த விசையின் திசையில் ஏற்பட்ட இடப்பெயர்ச்சியையும் பெருக்கினால் வருவது வேலை. குடம் நகரவில்லை, இடப்பெயர்ச்சி சுழி. ஆகவே செய்த வேலையும் சுழிதான். கரும்பலகையில் இதை எழுதி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் தவறாமல் எழும்: "அப்போ இடுப்பும் கையும் ஏன் சார் வலிக்குது?"

நல்ல கேள்வி. இதற்கான விடையைப் பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கிவந்த நான், என் சொந்த வீட்டில் அதை மறந்துபோனேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் பாட்டி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த நேரம் அது. இரவும் பகலும் என் தாயார்தான் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் மாலை அவர் முகம் வாடியிருப்பதைக் கண்டு, "பகலெல்லாம் பாட்டி பக்கத்திலே உட்கார்ந்துதானே இருக்கே? எதுக்கும்மா இவ்வளவு அசதி?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உட்கார்ந்துதான் இருக்கேன். ஆனா எந்த நேரமும் எழுந்திருக்கத் தயாரா உட்கார்ந்திருக்கேன்டா" என்றார்.

என் மாணவன் கேட்ட கேள்வியும் என் தாயார் சொன்ன பதிலும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. உங்கள் வீட்டிலும் நோயுற்ற பெற்றோரையோ, மனநலம் குன்றிய உடன்பிறந்தாரையோ, உடற்குறையுள்ள குழந்தையையோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். எனவே இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

தசையினுள் நடப்பது

குடத்தை ஒரு முக்காலியின் மேல் வைத்தால் முக்காலி களைப்பதில்லை. நாம் மட்டும் ஏன் களைக்கிறோம்? தசை மரத்தைப் போன்றது அன்று என்பதே காரணம். தசை நாரினுள் ஆக்டின் என்னும் மெல்லிய இழைகளும் மையோசின் என்னும் தடித்த இழைகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மையோசின் இழையில் உள்ள நுண்ணிய தலைகள் ஆக்டினைப் பற்றும், இழுக்கும், விடும், மீண்டும் பற்றும். 1954ஆம் ஆண்டில் ஹக்ஸ்லி என்ற ஒரே பெயர் கொண்ட இரு அறிஞர்கள், தத்தம் துணை ஆய்வாளர்களோடு, இந்த இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிச் செல்வதைத் தனித்தனியே விளக்கினர். ஒவ்வொரு முறை பற்றி இழுப்பதற்கும் ஏ.டி.பி. என்னும் எரிபொருள் மூலக்கூறு ஒன்று செலவாகிறது.

கயிறு இழுக்கும் போட்டியில் இரு அணிகளும் சமபலத்தோடு இருந்தால் கயிறு நகர்வதில்லை. ஆனால் இழுப்பவர்களுக்கு வியர்த்துக் கொட்டுகிறது அல்லவா? அதுபோலவே குடம் அசையாமல் இருந்தாலும் தசையினுள் பற்றுதலும் விடுதலும் ஓயாமல் நடக்கின்றன. செலவாகும் ஆற்றல் வெப்பமாக வெளிப்படுகிறது. தசை உண்டாக்கும் வெப்பத்தை அளந்து ஆராய்ந்தமைக்காகவே ஏ.வி. ஹில் என்னும் ஆங்கில அறிஞர் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்னொன்றும் உண்டு. இறுகிய தசை தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களை நெருக்குகிறது. இரத்த ஓட்டம் குறைகிறது, ஆக்சிஜன் வரவு குறைகிறது, கழிவுகள் தேங்குகின்றன. நடக்கும்போது கால் தசை இறுகியும் தளர்ந்தும் மாறி மாறி இயங்குவதால் இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் அடையாற்றிலிருந்து மயிலாப்பூர் வரை நடந்துவிட முடிகிற ஒருவரால், கையை நீட்டியபடி பத்து நிமிடம் அசையாமல் நிற்க முடிவதில்லை.

"இதயம் வாழ்நாள் முழுவதும் ஓய்வின்றி உழைக்கிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். உண்மையில் இதயம் ஓய்வெடுக்காமல் உழைப்பதில்லை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி கிடைக்கிறது. அதில் சுமார் 0.3 விநாடி சுருங்குகிறது, எஞ்சிய 0.5 விநாடி தளர்கிறது. உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இடக் கீழறையின் தசை, தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் அந்தத் தளர்ச்சி நேரத்தில்தான் பெறுகிறது. சுருங்கும்போது ஊருக்கு உணவளிக்கும் இதயம் தளரும்போதுதான் தானும் உண்கிறது.

எழத் தயாராக உட்கார்ந்திருத்தல்

தசைக்குள்ள இந்த நிலை முழு உடலுக்கும் உண்டு. பாண்டி பஜாரில் சாலையைக் கடக்கிறீர்கள். திடீரென்று ஒரு பேருந்து அருகில் வந்துவிடுகிறது. நொடியில் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு வேகமாக அடிக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. சில நிமிடங்களில், மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி ஆகியவற்றின் கட்டளைப்படி அதே சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் இயக்குநீரையும் சுரக்கின்றன. செரிமானம், உடலைச் செப்பனிடுதல், நோய் எதிர்ப்பு போன்ற அவசரமில்லாத பணிகள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. குறுகிய நேர ஆபத்துக்கு மிகவும் ஏற்ற ஏற்பாடு இது.

ஆனால் நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்ற அறிவிப்பு வருவதேயில்லை. இருமல் சத்தம் கேட்டால் எழ வேண்டும். சத்தமே கேட்காவிட்டாலும் எழுந்து பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இடப்பெயர்ச்சி சுழி. அதனால் வேலையும் சுழி. உடலுக்குள்ளோ குடம் இறங்கவேயில்லை.

வியன்னாவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ஹான்ஸ் செலே என்பவர், பலவகைத் துன்பங்களுக்கும் உடல் பொதுவான ஒரே வகையில் எதிர்வினை காட்டுகிறது என்பதை 1936இல் வெளியிட்டார். பின்னர் அதற்கு அவர் வைத்த ஆங்கிலப் பெயர் நம் இயற்பியலிலிருந்து எடுத்ததுதான். பொருள்களின் பண்புகள் என்ற பாடத்தில் 'தகைவு' என்று நாம் படிக்கிறோமே, அதற்குரிய சொல்லே இன்று மன அழுத்தத்தைக் குறிக்க உலகெங்கும் வழங்குகிறது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

இவையெல்லாம் அனுமானம் மட்டுமா? இல்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் எளிய சோதனை நடந்தது. அதன் முடிவு 1995இல் வெளியாயிற்று. மறதி நோயுற்ற உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்கள்; அதே வயதையும் வசதியையும் ஒத்த, பராமரிப்புப் பொறுப்பில்லாத 13 பெண்கள். எல்லோருடைய முன்கையிலும் 3.5 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு காயம் ஒன்றை மருத்துவ முறைப்படி உண்டாக்கி, ஆறுவதைக் கவனித்தனர். காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை இட்டால் நுரைக்கும். நுரைப்பது நின்றால் காயம் ஆறிவிட்டது என்று பொருள். பொறுப்பில்லாத பெண்களுக்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறியது. பராமரித்துவந்த பெண்களுக்கோ 48.7 நாள் ஆயிற்று. ஒரு சிறு காயத்தைச் செப்பனிட அந்த உடல்களுக்கு ஒன்பது நாட்களுக்கு மேல் அதிகமாகத் தேவைப்பட்டன!

1999இல் வெளியான மற்றோர் ஆய்வு, 66 வயதுக்கு மேற்பட்டவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வாழ்க்கைத் துணையைப் பராமரிப்பதில் இறுக்கத்தை உணர்ந்தவர்களுக்கு, அப்பொறுப்பில்லாதவர்களை விட இறப்புக்கான வாய்ப்பு 63 விழுக்காடு அதிகம் என்று அது கண்டது. ஆனால் பராமரித்தும் இறுக்கத்தை உணராதவர்களிடம் இந்தக் கூடுதல் ஆபத்து காணப்படவில்லை. இதை நன்றாக மனத்தில் கொள்ளுங்கள். 2013இல் வெளியான, 3,503 பராமரிப்பாளர்களை உட்கொண்ட வேறோர் ஆய்வில், பராமரிப்பவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஆகவே அன்பாகப் பார்த்துக்கொள்வது உடலைக் கெடுக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. தளராத இறுக்கத்துக்கே நாம் அஞ்ச வேண்டும்.

இரண்டு மணிக்கு ஒருமுறை

படுக்கையில் கிடக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்வார்கள். ஏன்? இடுப்பெலும்பும் குதிகாலும் படுக்கையில் அழுந்தும் இடத்தில் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, ஓட்டம் தடைப்படுகிறது. அழுத்தம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்காமல் இருந்தால் போதும், படுக்கைப் புண் வந்துவிடும். நாம் நாற்காலியில் மணிக்கணக்கில் அமர்ந்தும் புண் வராததற்குக் காரணம், நம்மை அறியாமலே அடிக்கடி அசைந்து உட்காருவதுதான்.

என் தாயாருக்கு இது நன்றாகத் தெரியும். கடிகாரத்தில் மணி வைத்துக்கொண்டு பாட்டியைப் புரட்டிவிடுவார். பாட்டிக்கு ஒரு புண்ணும் வரவில்லை. ஆனால் புரட்டியவரைப் புரட்டிவிட யாரும் இல்லை. நோயாளிக்கு எந்த விதியோ, அதே விதிதான் காப்பவருக்கும். சுமையின் எடையைக் குறைக்க நம்மால் இயலாமற் போகலாம். இடைவெளியை உண்டாக்க இயலும்.

சுமைதாங்கியின் இலக்கணம்

அந்த இடைவெளி எப்படி இருக்க வேண்டும்? நம் முன்னோர் கல்லில் செய்து காட்டியிருக்கிறார்கள். பழைய சாலைகளின் ஓரத்தில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடையாக வைத்திருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அதுதான் சுமைதாங்கி. கேரளத்தில் அத்தாணி என்பார்கள். தலைச்சுமையோடு நடந்து செல்பவர் சுமையை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக அமைத்தது.

முதல் இலக்கணம் உயரம். சுமக்கும் ஆளின் தலைக்குச் சற்றுத் தாழ்வாகவே மேற்கல் இருக்கும். முப்பது கிலோ மூட்டையைத் தரையில் இறக்கிவிட்டால், மீண்டும் 1.4 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 30 × 9.8 × 1.4, அதாவது ஏறத்தாழ 412 ஜூல் வேலை செய்ய வேண்டும். அதைவிட, தன் தலைக்குத் தானே தூக்கிக்கொள்ள முடியாது. தூக்கிவிட இன்னோர் ஆள் வேண்டும். கல்லின் மேல் வைத்தால் 15 சென்டிமீட்டர் உயர்த்தினால் போதும், 44 ஜூல்தான். தானே இறக்கலாம், தானே ஏற்றலாம்.

பராமரிப்பவர்கள் ஓய்வெடுக்க மறுப்பதன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. "நீ இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வா" என்று உறவினர் சொல்வார்கள். அதற்கு முன் இரண்டு நாளுக்குச் சமைக்க வேண்டும், மருந்தையெல்லாம் சொல்லித்தர வேண்டும், திரும்பி வந்ததும் குவிந்து கிடப்பதைச் சரிசெய்ய வேண்டும். இது தரையில் இறக்கிய சுமை. தூக்கும் பாடு இளைப்பாறலைவிடப் பெரிது. ஆகவே கல்லை உயர்த்துங்கள். மருந்தின் பெயர், வேளை, உணவு, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, நோயாளி அறையின் கதவில் ஒட்டிவையுங்கள். மாற்றுத் துணிகளுக்கு ஒரே பெட்டி. பக்கத்துக் குடியிருப்பில் ஒரு சாவி. இப்போது பொறுப்பை மாற்றிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாவது, இடம். சுமைதாங்கி ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வருவதில்லை, வழியில் நிற்கிறது. "தீபாவளி கழியட்டும்", "கொஞ்சம் தேறட்டும்" என்று ஓய்வைத் தள்ளிப்போடாதீர்கள். நாள்தோறும் குறித்த நேரத்தில் அரை மணியாவது வேண்டும். இரவுக்கும் இதே கணக்குத்தான். ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் இரவின் முதல் மூன்றில் ஒரு பகுதியில் கிடைக்கிறது. ஓர் உறக்கச் சுற்று சுமார் 90 நிமிடம். ஒருவரே இரவு முழுவதும் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்தால் அவருக்கு முழுமையான உறக்கம் கிட்டுவது அரிது. இருவராகப் பிரித்துக்கொண்டு, பத்து முதல் இரண்டு வரை ஒருவர், இரண்டு முதல் ஆறு வரை மற்றவர் என்று விழித்தால், இருவருக்குமே தடையில்லாத நான்கு மணி நேரம் கிடைக்கும்.

மூன்றாவது, உறுதி. ஆடும் கல்லில் யாரும் மூட்டையை வைக்கமாட்டார்கள். வைத்தாலும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். கடற்கரையில் அமர்ந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வீட்டுக்குக் கைப்பேசியில் பேசுபவரின் நிலை இதுவே. எனவே பொறுப்பை ஏற்பவர் நோயாளியைப் புரட்டவும், உட்காரவைக்கவும், உணவூட்டவும் முன்கூட்டியே கற்றுக்கொள்ள வேண்டும். கற்பிக்க ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தைச் செலவிடுங்கள்.

நான்காவது, பொதுமை. சுமைதாங்கியைப் பயன்படுத்த எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஓய்வும் அப்படி, கெஞ்சிப் பெறுவதாக இல்லாமல், வீட்டின் ஒழுங்காக இருக்க வேண்டும். நம் நாட்டில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமின்றி வீட்டாரைப் பராமரிக்கும் பணியில் (குழந்தை வளர்ப்பும் இதில் அடங்கும்) ஈடுபட்ட பெண்கள் 27.6 விழுக்காடு; ஆண்கள் 14 விழுக்காடு. ஈடுபட்டவர்களிலும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடமும், ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டனர். கல்லாக நிற்க வேண்டியவர்கள் யார் என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

ஊரில் உள்ள சுமைதாங்கிகள்

சில சுமைகளுக்கு வீட்டுக் கல் போதாது. 1985இல் தொடங்கிய, கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர், உடற்குறையுள்ள குழந்தைகளுக்கான அமைப்பு. அதை நிறுவிய பூனம் நடராஜன் அத்தகைய ஒரு குழந்தையின் தாய். 1980இல் தொடங்கிய, அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பதோடு, அவர்களுடைய குடும்பத்தாருக்கும் தனிப் பயிற்சி நடத்துகிறது. இறுகிக் கிடப்பவர் நோயாளி மட்டும் அல்லர் என்பதை உணர்ந்த ஏற்பாடு அது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமாகிய ஸ்கார்ஃப், மறதி நோயாளிகளின் குடும்பங்களுக்கும் உதவுகிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய அறக்கட்டளை, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. அதன் திட்டங்களில் 'சமர்த்' என்பது, குடும்பத்தார் இளைப்பாறும் பொருட்டு அவர்களைச் சில காலம் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வதையும் நோக்கமாகக் கொண்டு வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக, இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிக்கும் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. மனம் தளர்ந்தால் பேசுவதற்கு 14416 என்ற இலவச எண்ணும், முதியோர் தொடர்பான உதவிக்கு 14567 என்ற எண்ணும் உள்ளன.

இத்தகைய உதவிகள் பலன் தருமா? கோவாவில் மறதி நோயாளிகள் உள்ள 81 குடும்பங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து, நோயைப் பற்றி விளக்கி, வழிகாட்டிச் சென்றனர். இந்த உதவியால் பராமரிப்பவர்களின் மனத்துயர் குறைந்தது என்று 2008இல் வெளியான அந்த ஆய்வு காட்டிற்று.

"நான் போய் உட்கார்ந்துகொண்டால், அவர் இங்கே வலியில் கிடப்பாரே; அது சரியா?" என்று உங்கள் மனம் உறுத்தலாம். என் தாயாரும் அதைத்தான் கேட்டார். நான் கல்லூரியிலிருந்து திரும்பியதும் பாட்டியின் அருகில் அமர்வது, அவர் லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவுக்குச் சென்று வருவது என்று முடிவாயிற்று. முதல் நாள் பத்தே நிமிடத்தில் திரும்பிவிட்டார். இரண்டாம் வாரம் அரை மணி. ஒரு மாதத்துக்குப் பின், பூங்காவில் பார்த்த அணில்களைப் பற்றிப் பாட்டியிடம் வந்து சொல்லத் தொடங்கினார். அந்தச் செய்திக்காகப் பாட்டி மாலையில் காத்திருந்தார்.

சுமைதாங்கியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதை வழிப்போக்கரின் வசதிக்காக மட்டும் நடவில்லை. கருவுற்ற நிலையில், பிள்ளையைப் பெறாமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது தமிழ்நாட்டில் வழக்கமாக இருந்தது. தன் சுமையை இறக்கிவைக்க வாய்க்காமல் போனவளுக்காக, மற்றவர்கள் இறக்கிவைக்க ஒரு கல். உங்கள் வீட்டில் சுமப்பவர் எவரோ, அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கல்லை நட்டுவிடுங்கள். இன்று மாலை அரை மணி நேரம் போதும், தொடங்குவதற்கு.